மீன்தொட்டிக்கு உறைமோர்

மனைவி சகாயராணியை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து கிங்ஸ்லி திரும்பியபோது, காமயகவுண்டன்பட்டி வீடு முழுக்க ப்ளீச்சிங் பவுடர் வாசனை. சவப்பெட்டி வாசலைத் தாண்டியதும் வீட்டைக் கழுவிவிடுவது வழக்கம். அவருடைய அக்கா ஜெசி முன்னே நிற்க, சொந்தக்காரப் பெண்கள் கூடத்திலிருந்து கொல்லைவரை தேய்த்துத் தள்ளியிருந்தார்கள். ராணியைக் கிடத்தியிருந்த கூடத்தில்தான் அவளுடைய மீன்தொட்டியும் இருந்தது. அதையும் விட்டுவைக்கவில்லை. மீன்களை அண்டாவில் பிடித்துப் போட்டுவிட்டு, கண்ணாடி, கூழாங்கல், ஃபில்டர் எல்லாவற்றையும் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சு கறுத்து, கொழகொழவென்று இருந்ததால் அதைக் குப்பையில் போட்டாயிற்று. தொட்டி பளிச்சென்று இருந்தது. கிங்ஸ்லிக்கு அன்றைக்கு அக்காமேல் நன்றிதான் வந்தது.

அடுத்து வந்த நாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன.

“வளத்த கை போயிருச்சுல்ல, அதுக மட்டும் எப்பிடித் தாங்கும்?” என்றார் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள். கிங்ஸ்லியும் அதை நம்பினார். நம்புவதற்கு அது சுலபமாக இருந்தது.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. வாலில் வெள்ளைத் திட்டு விழுந்த தங்கமீன். கிங்ஸ்லி கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராணி அந்த மீனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். “உங்க மேனேஜரு மாதிரியேதான். கண்ணாடிக்குள்ள இருந்து எல்லாரையும் பாப்பாரு, ஒருத்தருக்கும் கையெழுத்துப் போட மாட்டாரு.” மேனேஜர் இப்போது யாரையும் பார்ப்பதில்லை. தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது.

தொட்டி ராணியின் பாடு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை முடிந்து வந்ததும் முதலில் அதன் முன்னால்தான் உட்காருவாள். கிங்ஸ்லி அதில் ஒருநாளும் கை நனைத்ததில்லை. ஆனால் இதுவும் போய்விட்டால், ராணி பார்த்துப் பார்த்து வளர்த்த உயிர் என்று அந்த வீட்டில் அவரைத் தவிர வேறொன்றும் இருக்காது.

“ஏலே, வீட்டுல ஆர்.ஓ. மெஷினு இருக்குல்ல? அந்தத் தண்ணியப் பிடிச்சு ஊத்து,” என்றாள் ஜெசி. “மனுசன் குடிக்கிற சுத்தம் மீனுக்குப் பத்தாதாக்கும்?”

ஊற்றிப் பார்த்தார். மேனேஜர் மேலே வருவதையும் நிறுத்திவிட்டு ஒரு மூலையில் ஒதுங்கியது.

மறுநாள் காலையில் டவுன் பஸ் பிடித்துக் கம்பத்துக்குப் போனார். ராணி மீன் தீனி வாங்கும் கடை ஹக்கீமுடையது. வாசலில் லவ் பேர்ட்ஸ் கூண்டுகள், உள்ளே வரிசையாகத் தொட்டிகள். ஹக்கீம் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

“கேள்விப்பட்டேன் சார். டீச்சர் போன மாசங்கூட வந்தாக. இங்கன நின்னு என்கூடச் சண்ட போட்டுட்டுப் போனாக.”

“என்ன சண்ட?”

“மீனுக்கு எடம் பத்தல, தொட்டிய மாத்துன்னு. அவுக சொன்ன மாதிரியே மாத்திட்டேன். வந்து பாக்கத்தான் குடுத்து வைக்கல.”

கிங்ஸ்லி தலையசைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். நல்ல ஃபில்டர் வேண்டும். இருப்பதிலேயே நல்லது.

ஹக்கீம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். தொட்டியின் விளிம்பில் தொங்கவிட்டு அருவி மாதிரி தண்ணீர் கொட்டுவது ஒன்று. தொட்டிக்கு வெளியே வாளி மாதிரி நிற்க, குழாய் வழியாகத் தண்ணீர் போய் வருவது இன்னொன்று. நீல விளக்கு எரிந்து கிருமியைக் கொல்வது மூன்றாவது. கிங்ஸ்லியின் கை அந்த விளக்கிடம் போனது. கிருமியைக் கொல்வது என்றால் அதுதானே நல்லதாக இருக்க வேண்டும்?

“எத்தன மீனு சார்?”

“ஒண்ணுதான் இருக்கு.”

“ஒண்ணுக்கு இவ்வளவு எதுக்கு? பழைய ஸ்பாஞ்சு என்னாச்சு?”

“கழுவித் தூரப் போட்டாச்சு பாய். ரொம்ப அழுக்கா இருந்துச்சாம்.”

ஹக்கீம் விளக்கை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டான். “அந்த அழுக்குலதான சார் எல்லாமே இருக்கு. மீனு போடுற கழிவ அதுல இருக்குற நல்ல கிருமிதான் தின்னு தீக்கும். அது இல்லேன்னா எந்த மெஷினும் வெறும் டப்பாதான். புதுசா ஊறி வர ஒரு மாசங்கூட ஆகும். அதுக்குள்ள மீனு தாங்கணுமே.”

“உங்க தொட்டியில இருந்து கொஞ்சம் குடுங்களேன்.”

“இப்பக் குடுக்க மாட்டேன். எல்லாத்துக்கும் வெள்ளப்புள்ளி நோய் வந்து மருந்து ஊத்தியிருக்கேன். நீங்க வேற யார்ட்டயாச்சும் பாருங்க. ஓடுற தொட்டியில இருந்து எடுத்த ஸ்பாஞ்சா இருக்கணும்.”

கிங்ஸ்லிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. பூசை முடிந்து வந்ததும் ராணி சொட்டச் சொட்ட ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு உத்தமபாளையத்துக்குக் கிளம்பினாள். உள்ளே கறுப்பாக ஒரு ஸ்பாஞ்சு. கூட வேலை பார்க்கும் ரம்லத் புதிதாகத் தொட்டி வைத்திருக்கிறாள் என்றாள். “ஊருல இல்லாத சீர் கொண்டுபோற. அழுக்கப் போயி யாராச்சும் குடுப்பாகளா?” என்று அவர் சிரித்தார். “அழுக்கில்லங்க, உறைமோர்,” என்றாள் ராணி. “இது விழுந்தாத்தான் அங்கன தண்ணி தண்ணியா ஆகும்.” அப்போது அது அவருக்கு விளையாட்டுப் பேச்சாகப் பட்டது.

கடையில் நின்றபடியே ராணியின் போனில் எண்ணைத் தேடி ரம்லத்தை அழைத்தார். “யாரு… ராணியக்காவா?” என்றது மறுமுனை. திரையில் ராணியின் பெயர் வந்திருக்கும் என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

“நான்தாம்மா, கிங்ஸ்லி.”

“சார்,” என்றாள் ரம்லத். அவர் ஸ்பாஞ்சு விஷயத்தைச் சொன்னதும், “வாங்க,” என்றாள்.

ரம்லத்தின் வீட்டுத் தொட்டியில் காற்றுக் குழாயோடு இரண்டு ஸ்பாஞ்சு பொருத்திய ஃபில்டர் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும்தான், தன் வீட்டில் இத்தனை நாளாக இல்லாதது எது என்று கிங்ஸ்லிக்குத் தெரிந்தது.

“மவுத்துக்கு, அடக்கத்துக்கு எதுக்கும் வர முடியல சார். மக பிரசவத்துக்குக் கட்டப்பனையில கெடந்தேன்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ராணியக்கா குடுத்தது அந்த இடது பக்கத்து ஸ்பாஞ்சு. குடுத்தத் திருப்பிக் கேக்க வந்த மொத ஆளு நீங்கதான்.”

“பாதி போதும்மா.”

“உறைமோருல என்ன பாதி? முழுசா எடுத்துக்கங்க. எனக்கு வலது பக்கமும் இந்நேரம் ஊறியிருக்கும்.”

தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டு முடிந்து கொடுத்தாள். காய்ந்துவிடக் கூடாது, குழாய்த் தண்ணீர் படவே கூடாது என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் கிங்ஸ்லி பையை மடியில் வைத்துக்கொண்டார். வேட்டி நனைந்தது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

கம்பத்தில் இறங்கி, ரம்லத் வீட்டில் பார்த்த அதே மாதிரி ஃபில்டரை வாங்கினார். ஹக்கீமின் அலமாரியில் அது கீழ்த்தட்டில் கிடந்தது. “பாக்க அழகா இருக்காது, சத்தம் வேற போடும்,” என்றான் ஹக்கீம். “சத்தம் போடட்டும்,” என்றார்.

ஒரு பக்கம் புது ஸ்பாஞ்சு, மறுபக்கம் பழையது. வாளியில் பிடித்து ஒருநாள் வைத்திருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். ராணி அப்படித்தான் செய்வாள். பார்த்திருக்கிறார், ஏன் என்று கேட்டதில்லை. மேனேஜர் மூலையிலிருந்து உடனே வரவில்லை. அந்த வாரம் முழுவதும் கிங்ஸ்லி எழுந்ததும் முதலில் பார்த்தது அந்த மூலையைத்தான். பிறகு ஒரு காலையில் மூலை காலியாக இருந்தது. மீன் முன்கண்ணாடியில் நின்றது.

அன்றைக்கு மத்தியானம் ஜெசி குழம்பு கொண்டுவந்தாள். தொட்டியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

“இது என்னடா இம்புட்டு அழுக்கு? எடுத்துக் குடு, ஒரு நிமிசத்துல அலசித் தாரேன்.” கை அதற்குள் தண்ணீருக்குப் போய்விட்டது.

“அக்கா, தொடாதீக!”

அவர் போட்ட சத்தத்தில் ஜெசி கையை எடுத்துவிட்டாள். “அது ராணி வச்சது. அந்த அழுக்கு இருந்தாத்தான் மீனு பிழைக்கும்,” என்றார்.

ஜெசி ஸ்பாஞ்சைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். “அப்ப அன்னிக்கி நான் கழுவித் தூரப் போட்டேனே…”

விரல் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ராணியைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்தியதும் இந்தக் கைதான்.

“அன்னிக்கி ராத்திரி பூராவும் கரண்டு இல்லக்கா. மீனுக்குக் காத்து பத்தாமப் போச்சு,” என்று வாயில் வந்ததைச் சொன்னார் கிங்ஸ்லி.

“கரண்டு இல்லையா?”

“உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது?”

ஜெசி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குமிழிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மீன் அவள் பக்கமாக வந்து நின்றது.

“ஏலே, இது என்னயவே பாக்குதுடா.”

“அவரு மேனேஜருக்கா,” என்றார் கிங்ஸ்லி. “எல்லாரையும் பாப்பாரு. ஒருத்தருக்கும் கையெழுத்துப் போட மாட்டாரு.”