ஆட்டுக் கொட்டாய் பேனர்

பாலக்கோடு மார்க்கெட்டில் விடியற்காலையிலிருந்து தக்காளி தரம் பிரித்துவிட்டு அன்பரசி வீட்டுக்கு வந்தபோது, கதவில் புதுப் பூட்டு தொங்கியது. வாசலில் அவளுடைய துணிமூட்டை. பைக்கில் சாய்ந்தபடி இளம்பரிதி.

“அரூர்ல பொண்ணு பாத்தாச்சு. நீ கெளம்பு.”

“ஆறு வருசம் குடும்பம் நடத்துனதுக்கு இதான் பதிலா?”

“தாலி கட்டுனனா? பத்திரிகை அடிச்சனா? சேந்து இருந்தோம், முடிஞ்சுது. எந்தக் கோர்ட்டுக்கு வேணா போ.”

வேறு சாதிக்காரி என்று அவன் அம்மா மறுத்தபோது, “அம்மா மனசு மாறட்டும், கட்டிக்கலாம்” என்றவனும் இவன்தான். அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. கேட்டால், “கயித்துலயா இருக்குது வாழ்க்க?” என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பை நம்பிய தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

மூட்டையைத் தொடாமல் தருமபுரிக்குப் பஸ் ஏறினாள். பெண்கள் பாதுகாப்பு அலுவலர் கோகிலவாணி முழுவதையும் கேட்டார்.

“ரெண்டு பேர்ல யாருக்காவது வேற கல்யாணம் ஆகியிருந்துச்சா?”

“இல்லீங்க மேடம்.”

“அப்ப குடும்ப வன்முறைச் சட்டத்துல நீங்களும் வருவீங்க. அந்த வீட்டுலயே இருக்கறதுக்கும், ஜீவனாம்சத்துக்கும் மனு போடலாம். ஆனா புருசன் பொண்டாட்டியா ஊரறிய வாழ்ந்தீங்கன்னு காட்டணும். என்ன இருக்கு?”

ரேஷன் கார்டில் அவள் பெயர் இல்லை. சமையல் கேஸ் புத்தகமும் அவன் பெயரில். சட்டென்று அந்தப் பேனர் நினைவுக்கு வந்தது. இளம்பரிதியின் தங்கை தமிழ்மணி, மகளுக்குக் காது குத்தியபோது தெருமுனையில் எட்டடி உயரத்துக்கு நின்ற பேனர். தாய்மாமன் பெருமைக்காக அவனே காசு கொடுத்து அடித்தது.

அது இப்போது தமிழ்மணியின் ஆட்டுக் கொட்டாய்க்குக் கூரையாகக் கிடந்தது.

“ஏம்மா, எங்கண்ணன் கல்யாணத்தக் கெடுக்கவா வந்த?” அதைக் கேட்டுப் போன அன்பரசியைத் தமிழ்மணி வழி மறித்தாள்.

நேற்றுவரை ‘அண்ணி’. இன்று ‘ஏம்மா’.

“உம்பொண்ணு காதுகுத்துக்குச் சீர்த்தட்டு தூக்கிட்டு முன்னால நடந்தவ யாருடி? அத்தை கையாலதான் தோடு போடணும்னு என்னை இழுத்துட்டுப் போனது யாரு? அன்னிக்கி எவளும் எங்கழுத்துல தாலியத் தேடலியே!”

தமிழ்மணி கூரையை அண்ணாந்து பார்த்தாள். மீசையை முறுக்கியபடி அண்ணன், பக்கத்தில் பட்டுச்சேலையில் அன்பரசி. கீழே, ‘தாய்மாமன் இளம்பரிதி - அத்தை அன்பரசி தம்பதியர்.’ முட்டுக்கல்லில் ஏறி அரிவாளால் கயிறுகளை அறுத்தாள்.

“சீருக்கு மட்டும் அண்ணின்னு கூப்புட்டுட்டு, இப்ப யாரோ மாதிரி பேசிட்டேன். புடிங்க அண்ணி. சாட்சிக்கும் நான் வர்றேன்.”

பேனரையும் தமிழ்மணியின் சாட்சியையும் ஏற்று, வழக்கு முடியும்வரை அன்பரசி அதே வீட்டில் இருக்கலாம் என்று கோர்ட் உத்தரவிட்டது. சேதி தெரிந்து அரூர்க்காரர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். போலீஸ் முன்னால் பூட்டைத் திறந்த இளம்பரிதி, “ஒரு பேனர வச்சுப் பொண்டாட்டி ஆயிட்டியா?” என்று பல்லைக் கடித்தான்.

“உன்கூட வாழுற ஆசையெல்லாம் செத்துப்போச்சு. சாவியக் குடு.”

வாங்கிக்கொண்டு, வேடிக்கை பார்த்த பெண்கள் பக்கம் திரும்பினாள்.

“நல்லாக் கேட்டுக்கங்க! தாலியில்லன்னு ஒருத்தன் வெரட்டுனா, மூட்டையத் தூக்கிட்டுக் கெளம்பிடாதீங்க. ஊரறியக் குடும்பமா வாழ்ந்த பொம்பளைக்குச் சட்டத்துல பாதுகாப்பு இருக்குது. அழுவறத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல போயி மனு எழுதிக் குடுங்க!”