சிவதாணு பிள்ளை செய்த தியாகம்

ஜெம்மா சாக்குப்பையை அவிழ்த்து எலும்புகளை ஒவ்வொன்றாகப் பாயில் எடுத்து வைத்தாள். பொழியூர் மீன்பிடிக்காரர் மகள். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் படிக்கிறாள். அங்கே படிப்பவர்கள் சீனியர்களிடம் இப்படி ஒரு பை எலும்பு வாங்கி, லீவுக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டுதான் ஊருக்கு வருவார்களாம். எலும்பைக் கண்டால் அவள் அம்மை ஜெபமாலையை எடுத்துவிடுகிறாள். அதனால் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பாறசாலைக்கு, பள்ளித்தோழி ஸ்ரீகுமாரியின் வீட்டுக்குப் படிக்க வந்துவிட்டாள்.

ஸ்ரீகுமாரியின் அப்பா சிவதாணு பிள்ளை அறை வாசலில் வந்து நின்றார். தீட்டைப் பற்றி ஒரு பிரசங்கம் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது. லேசுப்பட்ட தொண்டை இல்லை அது. திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்கள் மதராசோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில், பாறசாலை முச்சந்திக்கு மைக் செலவே வைக்காத தொண்டை. போன வருஷம் ஸ்ரீகுமாரிக்கு இதே காலேஜில் சீட் வந்தபோது, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மேடையேறி, "என் மகள் திருவனந்தபுரத்தில் கத்தி பிடிக்க மாட்டாள், மதராசில் பிடிப்பாள்" என்று முழங்கினார். மாலை விழுந்தது. மறுநாளே சீட் வேண்டாமென்று அவள் கையால் எழுதவைத்து அனுப்பினார். அந்த சீட் வரிசையில் அடுத்து நின்ற ஜெம்மாவுக்குப் போனது.

ஐம்பத்தாறு நவம்பரில் எல்லை போட்டார்கள். நாலு தாலுகா மதராசுக்குப் போயிற்று; பாறசாலை கேரளத்திலேயே நின்றது. "எல்லைக்குக் காலு கடுத்திருக்கும். பக்கத்துல களியக்காவிளையிலயே உக்காந்துட்டுது" என்றாள் அவர் மனைவி சரசம்மா. மதராசில் சீட் விசாரித்தால், நீங்கள் வெளி ராஜ்யம் என்றார்கள். பிறகு யாருக்கும் தெரியாமல் பிள்ளை திருவனந்தபுரத்துக்கும் ஒரு நடை போனார். விட்ட சீட் விட்டதுதான் என்று காலேஜ் குமாஸ்தா மரியாதையாகவே சொன்னார். அன்று அவர் பேசிய மலையாளத்தில் ஒரு பிழை கிடையாது.

இப்போது ஸ்ரீகுமாரியின் மடியில் ஜெம்மாவின் தடிப்புத்தகம். பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டாள்.

"தப்பு. அந்த நரம்பு எலும்புக்குப் பின்பக்கமாக்கும் போவுது. மறுக்கச் சொல்லு."

"எங்க புரொபஸர் உன்னைவிட மேலு, கேட்டியா. அவரு நடுவுல ஒரு தடவை சிரிக்கவாவது செய்வாரு." ஜெம்மா வாசலைப் பார்த்தாள். "உள்ள வாருங்க மாமா, எலும்பு கடிக்காது."

சரசம்மா சாயாவுக்குக் கூப்பிட்டாள். ஜெம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். பிள்ளை செருமினார்.

"மக்கா, எல்லைக் காரியமா டெல்லிக்கு ஒரு மகஜர் அனுப்பலாம்ணு இருக்கேன்."

"அனுப்புங்கப்பா."

"இல்ல... அன்னைக்கு அந்த மேடையில நான் உன்கிட்ட..."

"நானும் கைதட்டினேன்ப்பா" என்றாள் அவள், தலை நிமிராமல். "எல்லாரும் திரும்பி என்னைத்தான பாத்தாங்க. தட்டாம எப்படி இருக்க?"

ஸ்ரீகுமாரி பாயிலிருந்து ஒரு கையெலும்பை எடுத்து, தன் மேற்கையோடு சேர்த்து நீளவாக்கில் வைத்தாள். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். இருட்டாக இருந்ததோ என்னவோ, கண்ணைச் சுருக்கினாள்.

வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்பது தான்தான் என்று தெரிந்து, சிவதாணு பிள்ளை மெல்ல ஒதுங்கி நின்றார்.