பாத்திக்குக் காலை டிபன்

புது புராஜெக்ட் என்றாலே எங்கள் ஆபீஸ் சீனியர் சதீஷுக்கு இரண்டு வாரம் வேண்டும். ஃபோல்டர் திறக்க ஒரு நாள், அதற்குப் பெயர் வைக்க ஒரு நாள். கேட்டேவிட்டேன்: "குழந்தையா பெத்துக்கிட்டிருக்கீங்க? ஒரு கமாண்ட் அடிச்சா லாகின், டேட்டாபேஸ், ஸ்கிரீன் எல்லாத்தையும் டூலே போட்டுத் தருது. வீட்டுக்குச் சாரம் கட்டித் தர்ற மாதிரி."

ஓனர் ஜான்சன் சிரித்தார். "அப்போ நாளைக்கே காட்டு மலர்கொடி. குப்புசாமிக்குப் பிடிச்சா வேலை பர்மனென்ட். பிடிக்கலன்னா உன் டிரெய்னிங் இதோட முடிஞ்சுது."

குப்புசாமிக்கு மரக்காணத்தில் உப்பளம். எந்தப் பாத்தியில் என்றைக்கு உப்பு வாருவது என்று ஆட்களுக்குச் சொல்ல ஓர் ஆப் கேட்டிருந்தார்.

கமாண்ட் அடித்தேன். டூல் வரிசையாகக் கேள்வி கேட்டது. யார் படிக்கிறது? என்டர், என்டர், என்டர். எந்த டெம்ப்ளேட்டை எடுக்க என்று கேட்ட இடத்திலும் என்டர். அது குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றுக்கு சதீஷ் செய்து வைத்த டெம்ப்ளேட். அதில் 'அறை' என்று இருந்ததையெல்லாம் 'பாத்தி' என்று மாற்றினேன். தீர்ந்தது.

மறுநாள் நானும் சதீஷும் உப்பளத்துக்குப் போனோம். ஷெட்டில் குப்புசாமி தன் ஆட்கள் நம்பரை ஏற்றினார். "பச்சைன்னா காலி, சிவப்புன்னா ஆள் இருக்குது. நல்லா இருக்குதும்மா" என்று சொல்லி, 'உறுதி செய்' பட்டனையும் அமுக்கிவிட்டார்.

உடனே அவருக்கு போன். ஸ்பீக்கரில் அவருடைய ஆள் மாயவன்.

"ஐயா, மெசேஜ் வந்துச்சுங்க. 'உங்கள் பாத்தி தயார். இனிதே தங்குங்கள். காலை உணவு உண்டு'ன்னு போட்டிருக்குது. இட்லியாங்க, பொங்கலாங்க?"

சதீஷ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"ஏம்மா, இன்னா இது? அந்தச் சோத்தை எடு மொதல்ல" என்றார் குப்புசாமி.

எடுக்க ஒரு வரிதான். எடுத்தால் வேலை எனக்கு. ஆனால் என் அம்மா பொன்னி இதே ஊர் உப்பளத்தில் விடியுமுன்னே வெறும் வயிற்றோடு உப்பு வாருகிறவள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எடுக்க முடியாதுங்க. அது அஸ்திவாரத்துல இருக்குது. எடுத்தா மொத்தமும் சாஞ்சிடும்."

சதீஷ் வாயைத் திறந்தான். "மூடுங்க" என்றேன். மூடினான்.

மறுபடி போன். இந்தத் தடவை சட்னி பற்றி.

"இட்லிதான்யா! எல்லாருக்கும் இட்லிதான்! வை போனை!" குப்புசாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஜான்சன்கிட்ட ஆப் ஓகேன்னு சொல்லிடறேன். ஏம்மா, மதியச் சாப்பாடு கீப்பாடு எதுவும் இதுக்குள்ள இல்லியே?"

"இப்போதைக்கு இல்லைங்க."