பெத்தணன் கியர்

சிவகாசி லாரி ஸ்டாண்டில் எவனாவது கியரைக் கரகரவென்று இழுத்துவிட்டால் போதும், "என்னலே, பெத்தணன் கியரா?" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். டிரைவர் ஊர்க்காவலனும் கூடச் சேர்ந்து சிரித்துத்தான் ஆக வேண்டும். நாலு வருஷமாகச் சிரிக்கிறான். சிரித்த அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

பெத்தணன் ஐம்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில், தீபாவளி வெடி லோடோடு, ஆமத்தூர்ப் பக்கம் ஒரு வறண்ட கண்மாய்க்குள் வெடித்துச் செத்தான். ஒரே லாரிக்கு அவன் பெரிய டிரைவர், ஊர்க்காவலன் இரண்டாவது டிரைவர். பெத்தணனுக்கு இடது முழங்கால் மடங்காது. சின்ன வயதில் கிணற்றில் விழுந்த கால். வண்டியைக் கிளப்பும்போது மட்டும் கையால் காலைத் தூக்கிக் கிளட்ச் மேல் வைப்பான். அப்புறம் விருதுநகர் கூட்ஸ் ஷெட் போய்ச் சேரும்வரை கிளட்ச் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுவான். ஆக்ஸிலேட்டரை விடுவான், கியர்க் கம்பை நடுவுக்கு இழுத்து எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுப்பான், "இந்தா" என்று மெதுவாகச் சொல்வான், கம்பு அடுத்த கியருக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஒரு பொட்டுச் சத்தம் வராது.

"நாமளாப் போடக்கூடாதுலே. எஞ்சினே 'இந்தா'ன்னு குடுக்கும். வாங்கிக்கிடணும், அம்புட்டுத்தான்" என்பான்.

ஊர்க்காவலனுக்கு அந்தத் தெம்பெல்லாம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் மூணு டன் வெடி இருக்கிறது என்ற நினைப்பிலேயே பாதி உயிர் போய்விடும். ஏறி உட்கார்ந்தால் இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பான், இறங்கும்போதுதான் எடுப்பான்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் ஊர்க்காவலன் சொன்னது இதுதான்: "பெத்தணன்தான் ஓட்டினாரு. கிளட்ச் மிதிக்காமக் கியர் போட்டதுல பல்லு உரசிப் பொறி பறந்துச்சு. நான் குதிச்சுட்டேன்." கண்மாய்ப் பக்கத்துப் பஸ் ஸ்டாப்பில் நின்ற சனமும் பெத்தணன் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்ததைக் கண்ணால் பார்த்தது. கேஸை எழுதி முடித்து மூடிவிட்டார்கள். அவன் சொன்னது பச்சைப் பொய்.

செத்தவன் சும்மா இருப்பானா? அன்றிலிருந்து எந்த லாரியில் ஏறினாலும், கம்பை நடுவுக்கு இழுத்த மாத்திரத்தில், இடது காதோரம் பீடி வாசம் வரும். "இந்தா" என்று குரல் வரும். பட்டப்பகலில், கடைத்தெருவுக்கு நடுவில் வரும். ஊர்க்காவலன் குறி சொல்லும் கோடாங்கியிடம் போனான், கயிறு கட்டினான். கயிறு நைந்து போனதுதான் மிச்சம். குரல் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சை இன்னும் அழுத்தி மிதிப்பான்.

துர்ச்சாவு செத்தவனுக்கு அந்தப் பக்கத்தில் கல் நட்டுக் கும்பிடுவார்கள். பெத்தணனின் பெண்சாதி இருளம்மாளும் கண்மாய்க் கரையில் ஒரு கல் நட்டாள். போகிற வருகிற டிரைவர்கள் அதைப் புரட்டிப் போட்டார்கள். திமிரில் லோடை அழித்தவனுக்குக் கல் ஒரு கேடா என்பது அவர்கள் நியாயம். அவள் வருஷம் தவறாமல் வந்து நிமிர்த்தி வைப்பாள். தேங்காய், பழம், ஒரு கட்டுப் பீடி வைப்பாள். தீப்பெட்டி மட்டும் வைக்கமாட்டாள். லோடு ஏற்றுகிறவன் கம்பெனி வாசலிலேயே தீப்பெட்டியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அவன் செத்த பிறகும் அவளுக்குச் சட்டம்தான்.

அறுபத்தொன்றாம் வருஷம் புரட்டாசியில், அதே திதியன்று, ஊர்க்காவலன் கூட்ஸ் ஷெட்டில் லோடை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பினான். மத்தியானம் மூணு மணி வெயில். விருதுநகர் வத்தல் கடைகளைத் தாண்டியதும் இருளம்மாள் ஓலைக் கொட்டானும் கையுமாக நின்று கை காட்டினாள்.

"தம்பி, கண்மாய்க்கிட்ட இறக்கி விட்டுர்றியா? பஸ்ஸு போயிருச்சு."

லோடு இருந்தால் ஆள் ஏற்றக்கூடாது என்று தப்பித்திருப்பான். காலி வண்டிக்கு என்ன சாக்குச் சொல்வது? "ஏறுங்க மதினி" என்றான். அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கொட்டானை மடியில் வைத்துக்கொண்டாள். பீடிக் கட்டு மேலாகவே தெரிந்தது.

நாலு மைல் போயிருக்கும். மாட்டு வண்டி குறுக்கே வந்ததென்று கிளட்சை மிதித்தான். கீழே 'டக்'கென்று ஒரு சத்தம்; மிதி அப்படியே தரையோடு படுத்துவிட்டது. கிளட்ச் ராடு அறுந்து போயிற்று. காலடியில் ஒன்றுமே இல்லை. பதறிப் போய்க் கம்பை நடுவுக்கு இழுத்தான். வண்டி உருண்டது, வேகம் குறைந்தது. பீடி வாசம் வந்தது.

"இந்தா."

நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஊர்க்காவலன் சொன்னபடி கேட்டான். கம்பைத் தள்ளினான். வெண்ணெய்க்குள் விரல் போன மாதிரிப் போயிற்று. மாட்டு வண்டியைத் தாண்டி வேகம் எடுத்ததும் மறுபடியும் "இந்தா", மறுபடியும் கியர். அவன் கை அவனுடையதாகவே இல்லை.

இருளம்மாள் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவுக போடுற மாதிரியே இருக்கு" என்றாள்.

"கிளட்ச் அறுந்து போச்சு மதினி. வேற வழியில்ல."

"அதான் பாக்கேன். ஒரு சத்தமில்ல, உரசலில்ல." அப்புறம் அவன் முகத்துக்கு நேராகத் திரும்பினாள். "கிளட்ச் இல்லாமப் போட்டாப் பல்லு உரசிப் பொறி பறக்கும்னுல்ல நீ எழுதிக் குடுத்த? பொறி எங்கன தம்பி?"

ஊர்க்காவலன் வண்டியைக் கண்மாய்க் கரையில் உருட்டி நிறுத்தினான். கல் குப்புறக் கிடந்தது. இனிமேல் எதைச் சொல்லி மழுப்புவது? கை காட்டிக் கொடுத்துவிட்டது.

"நான்தான் ஓட்டினேன் மதினி" என்றான். "பயத்துல காலைக் கிளட்ச்சை விட்டு எடுக்கல. பிளேட்டு கருகி, காலுக்கடியில கெடந்த சாக்குல தீப் பிடிச்சுருச்சு. கதவைத் தொறந்து குதிச்சுட்டேன். அண்ணன் நகந்து வந்து ஸ்டீரிங்கைப் பிடிச்சாக. முன்னால பஸ் ஸ்டாப்புல சந்தைக்குப் போற பொம்பளைக, அம்புட்டுக் கூட்டம். அவுகளைத் தாண்டி வண்டியைக் கண்மாய்க்குள்ள எறக்கிட்டாக. ரோட்டுல கெடந்து கேட்டேன். கியர் மாத்துனது கூடத் தெரியல மதினி. அப்புறந்தான் வெடிச்சது."

சொல்லிவிட்டு ஸ்டீரிங்கில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"குதிக்கையில அவுக என்னமும் சொன்னாகளா?"

"'ஓடுலே'ன்னாக."

அவள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். பிறகு இறங்கிப் போய்க் கல்லைப் பிடித்தாள். ஊர்க்காவலன் ஓடிப் போய்க் கை கொடுத்தான். இரண்டு பேருமாக நிமிர்த்தினார்கள். தேங்காய் உடைத்து, பீடிக் கட்டை வைத்தாள். கும்பிட்டு முடித்ததும் வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தான். அவளோ திரும்பவும் லாரியில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அவுக கையை எனக்குத் தெரியாதா? ஸ்டாண்டுல வந்து சொல்லு."

கம்பை முதல் கியரில் போட்டுவிட்டு செல்ஃப் ஸ்டார்ட்டரை அழுத்தினான். வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது. இரண்டாவதுக்காகக் கம்பை நடுவுக்கு இழுத்துக் காத்திருந்தான். பீடி வாசம் வரவில்லை. காத்திருந்தான். குரலும் வரவில்லை. கேட்டுப் பயந்தவன், இப்போது கேட்காமல் பயந்தான். குத்துமதிப்பாகத் தள்ளினான். பல் கடித்து வண்டியே அலறியது. அன்றைக்குச் சிவகாசி வரைக்கும் ஒவ்வொரு கியருக்கும் அப்படித்தான் அலறிக்கொண்டு போனான்.

ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது விழுந்தது எல்லாவற்றிலும் பெரிய கரகரப்பு. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"என்னலே, பெத்தணன் கியரா?"

ஊர்க்காவலன் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து அவர்களுக்கு நடுவில் இறங்கி நின்றான்.

"இல்லலே" என்றான். "இது ஊர்க்காவலன் கியரு. எல்லாரும் இங்கன வாங்க, சொல்லுதேன்."