பின்னால் தெரிந்த மலை

மகள் அனுப்பிய படத்தை டேரல் முதலில் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. பிளைவுட் ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடிந்து, டிரக்கில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. தாத்தாவின் குதிரைமேல் இங்கிரிட் ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே ஒரே வரி. தாத்தா இடத்தைக் காட்டிட்டார், யார்கிட்டயும் சொல்லாதீங்க அப்பா. குதிரையின் காதுகளுக்குப் பின்னால் வானத்தில் ஒரு மலைமுகடு, உடைந்த கடைவாய்ப்பல் போல.

இடம் என்றால் அவனுக்குத் தெரியும். அந்தத் தாத்தா ஹால்வரின் மருமகனாக ஒன்பது வருஷம் இருந்தவன் அவன். மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மனிதன் தன் சம்பளத்தைச் சொல்வான், மூலவியாதியைச் சொல்வான், பெண்டாட்டியின் குறைகளைச் சொல்வான். எல்க் மான் அடிக்கும் இடத்தை மட்டும் சொல்லமாட்டான். டேரல் மாமனாரிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறான். முதல் தடவை கிழவர் சிரித்தார். இரண்டாம் தடவை அவன் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தார். வருஷம் தவறாமல் ஒரு கொம்பனோடு, கொம்பு வளர்ந்த ஆண் எல்க்கோடு, இறங்கி வருவார். படமும் காட்டுவார். ஆனால் எந்தப் படத்திலும் மானின் தலைக்குப் பின்னால் கறுத்த மரங்கள்தான் இருக்கும், ஆகாயம் இருக்காது. படத்தில் வானம் வந்தால் மலை வரும், மலை வந்தால் ஆள் வருவான் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். பன்னிரண்டு வயதுக்காரி அன்றைய சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டாள். அனுப்பியது அப்பாவுக்குத்தானே என்றும் நினைத்திருக்கலாம்.

அதன்பிறகு ஆலையில் இயந்திரம் நிற்கும் நேரமெல்லாம் டேரல் அந்தப் பல் போன்ற முகட்டைத் தேடினான். போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, நிலத்தைச் சாய்த்து, ஒவ்வொரு முகட்டையும் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கல்லூரியை இரண்டாம் செமஸ்டரிலும் கல்யாணத்தைப் பத்தாம் வருஷத்திலும் விட்டவனுக்கு இந்த ஒரு வேலையில் மட்டும் பொறுமை இருந்தது. ஒரு விடியற்காலையில் பல் சிக்கியது. அதன் அடியில் கிண்ணம்போல ஒரு பள்ளம், நடுவில் பச்சைப் புல், ஒரு துளி நீர். அவன் திரையைத் தொட்டு ஒரு புள்ளி குத்தினான். இது அரசாங்கக் காடு, யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இங்கிரிட்டுக்கு அது முதல் வேட்டை வருஷம் என்பதும், கிழவர் கெட்டுப்போன நுரையீரலை வைத்துக்கொண்டு இனி அடுத்த வருஷம் மலையேறப் போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியாமல் இல்லை. மந்தையில் இரண்டு கொம்பனாவது இருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தான். கிழவரின் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்பதுதான் உண்மை.

தெற்கே கிழவரின் குதிரைத் தடம் இருந்தது. அதில் போனால் தெரிந்துவிடும். அதனால் வடக்குச் சரிவைத் தேர்ந்தெடுத்தான். போனில் மேலேயிருந்து பார்த்தால் அது சாம்பல் நிறக் கீறல்கள் விழுந்த வழவழப்பான சரிவு. காய்ந்த புல் என்று நினைத்துக்கொண்டான். வேட்டை திறக்கும் நாள் இருட்டோடு ஏறியபோதுதான் அந்தக் கீறல் ஒவ்வொன்றும் வண்டு தின்று செத்து விழுந்த பைன் மரம் என்று தெரிந்தது. இடுப்பளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று, கொட்டிவிட்ட தீக்குச்சிகளைப் போல. வெறும் துப்பாக்கியோடு ஏறியதால் முழங்கால் தோல் உரிந்ததோடு போயிற்று. இதே வழியில் ஒரு மானைச் சுமந்து திரும்பவேண்டும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

விடிந்ததும் மந்தை புல்லில் நின்றது. கொம்பன் ஒன்றே ஒன்றுதான். ஒரே குண்டில் விழுந்தது. மற்றவை கணவாய் வழியாக மறுபக்கம் கொட்டிப் போயின. அவன் அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கையில் தெற்கிலிருந்து குளம்புச் சத்தம் கேட்டது. ஆரஞ்சுச் சட்டையில் இருவர், பின்னால் இரண்டு சுமைக்குதிரைகள்.

ஹால்வர் இறங்கவில்லை. மூச்சு சீராகும்வரை சேணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல அடி, மாப்ள."

இங்கிரிட் இறங்கி மானைப் பார்த்தாள், பிறகு அவனை. "நீங்க எப்படிப்பா இங்க?"

"சும்மா சுத்திக்கிட்டு வந்தேன் கண்ணு. தற்செயலா."

அவள் தலையைத் தூக்கி அந்தப் பல்லைப் பார்த்தாள். போனை எடுத்து எதையோ தேடிப் பார்த்துவிட்டு மறுபடி பல்லைப் பார்த்தாள்.

"தற்செயல்தாம்மா. மேல இருந்து பாத்தா எல்லா எடமும் பக்கத்துலதான் தெரியும்," என்றார் கிழவர்.

வெயில் இப்போதே சுட்டது. அக்டோபர் கடைசியில் வழக்கத்துக்கு மாறாக ஈக்கள் மொய்த்தன. டேரல் கத்தியைப் புல்லில் துடைத்தான். "மாமா, ரெண்டு குதிரையக் குடுத்தா பரவாயில்ல. கறி தாங்காது."

"எந்தப் பக்கமா வந்த?"

அவன் வடக்கே கைகாட்டினான். கிழவர் அன்று முதல்முறையாகச் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. "அதுலயா? போன வருசம் ஒரு கரடியே அதப் பாத்துட்டுத் திரும்பிப் போச்சு."

அந்தப் பள்ளத்தாக்கில் கறி சுமக்கக் கூப்பிட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. விரோதிக்கும் சுமப்பார்கள். கறியை அழுகவிடுவது சட்டப்படியும் குற்றம். அதனால் கிழவர் சேணத்தில் அசைந்தபோது, இறங்கத்தான் போகிறார் என்று டேரல் நினைத்தான்.

"குதிரை இவ மானுக்காக வந்தது. இவளக் கேளு."

டேரல் மகளைப் பார்த்தான். "கண்ணு," என்று மட்டும் சொன்னான்.

"ஒரு படம் எடுக்கட்டுமாப்பா?"

அவனுக்கு நெஞ்சு இளகியது. ஓடிப்போய் கொம்பைப் பிடித்து, வழக்கப்படி மானின் தலைக்குப் பின்னால் இருட்டு மரங்கள் வரும்படி திருப்பி வைத்து உட்கார்ந்தான்.

"அப்படி இல்ல. இந்தப் பக்கம் திரும்புங்க."

வெயிலுக்கு முதுகு காட்டி அவள் நின்றாள். கிழவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பேத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். டேரல் திரும்பிச் சிரித்தான். அவள் எடுத்தாள். குதிரையில் ஏறினாள். நான்கு குதிரைகளும் வந்த வழியே போயின. தடம் மரங்களுக்குள் வளையும்வரை அவள் முதுகு நேராகவே இருந்தது.

ஒரு பின்தொடையை முதுகில் கட்டிக்கொண்டு டேரல் வடக்கே இறங்கினான். நிமிர்ந்து நடக்க ஓரிடம் இல்லை. கட்டையில் ஏறி, சறுக்கி, சுமையோடு அடியில் ஊர்ந்து போனான். போனில் டிரக் இரண்டு மைல்தான் காட்டியது. டிரக்கில் அதை எறிந்துவிட்டுத் திரும்பி மேலே ஏறுவதற்குள் உச்சிவெயில் தாண்டிவிட்டது. பள்ளத்தின் விளிம்பை அடையும்போதே வாடை வந்தது. அண்டங்காக்கைகள் விலாவுக்குள் போய் வந்துகொண்டிருந்தன. அவனைக் கண்டு ஒன்றுகூட எழவில்லை.

விளிம்பில் மட்டும் சிக்னல் உண்டு. போன் அதிரத் தொடங்கி நிற்காமல் அதிர்ந்தது. மாவட்ட வேட்டைக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குழுவில் இங்கிரிட் படத்தைப் போட்டிருந்தாள். எழுத்து ஒன்றும் இல்லை. கொம்பைப் பிடித்துக்கொண்டு அவன் சிரிக்கிறான். தலைக்குமேல் அந்தப் பல், ஒவ்வொரு பிளவும் தெளிவாக. கீழே அவளுடைய நிழல், கையில் போனோடு, செத்த மானின் கழுத்தில் விழுந்திருந்தது. எந்த ஏரியா, எந்த ஏரியா என்று முன்பின் தெரியாத பெயர்கள் கேட்டுக்கொண்டிருந்தன. கடைசியாக வந்ததில் கேள்வி இல்லை. மேலேயிருந்து எடுத்த செயற்கைக்கோள் படம். சாம்பல் கீறல்கள், பச்சைக் கிண்ணம், ஒரு துளி நீர், நடுவில் யாரோ குத்திய சிவப்புப் புள்ளி.