சத்தம் இல்லை என்று எழுதியவர்

சர்வீஸ் சென்டர் கொடுத்த இரண்டு ஜாப் கார்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே வரி: 'ஓட்டிப் பார்த்தாச்சு. சத்தம் இல்லை.' மூன்றாம் முறையாக அவள் காரைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு திங்கட்கிழமை. வாரண்டி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் பழுது இருக்கிறதென்று அவர்கள் ஒத்துக்கொண்டால் சரி செய்வது அவர்கள் பொறுப்பு. சனிக்கிழமை ஒத்துக்கொண்டால் செலவு அவள் தலையில்.

அவளுக்குச் சத்தம் கேட்டது. கேட்பதுதான் அவள் பிழைப்பு. மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, உள்ளே ஹெட்போன் மாட்டியிருப்பவர்களுக்கு ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் அவர்கள் கையைத் தூக்க வேண்டும். பதினோரு வருடமாக இதுதான். காரின் சத்தம் வேகம் ஐம்பதைத் தாண்டியதும் எழும், அறுபத்தைந்தில் அடங்கிவிடும். கொதிக்கப்போகும் கெட்டிலின் முதல் முனகல் மாதிரி மெல்லியது. அவள் இயந்திரத்தின் கணக்கில் சொன்னால் நாலாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டி. கைபேசியில் பதிவு செய்து பார்த்தாள். ரோட்டின் இரைச்சல்தான் விழுந்தது.

"ஊர்ல இருக்கறவங்க காதையெல்லாம் பாத்து முடிச்சாச்சு. இப்ப காருக்கு வந்துட்டியா?" என்று கணவன் கேட்டான். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் சத்தம் போய்விடும் என்பது அவன் வைத்தியம்.

கவுண்டரில் இருந்த மேலாளர் மிகவும் மரியாதையானவர். மரியாதை கூடக் கூட மனிதர் இடத்தை விட்டு அசையமாட்டார் என்பதை முதல் தடவையே அவள் கண்டுகொண்டிருந்தாள். தலைமை மெக்கானிக் முப்பது வருடம் இந்த வேலையில் ஊறியவர் என்றும், அவர் கையெழுத்து இல்லாமல் கம்பெனிக்கு எதையும் அனுப்ப முடியாது என்றும் மறுபடி விளக்கினார். அவள் கத்தியிருக்கலாம். ஆனால் கோபத்தை முந்திக்கொண்டு வேறொன்று அவளுக்குள் குறுகுறுத்தது. இவ்வளவு தெளிவான ஒன்று ஒருவருக்கு எப்படிக் கேட்காமல் போகும்? பொய் எழுதுகிறவர் கையெழுத்து இத்தனை நிதானமாக இருக்குமா? இந்த முறை தானும் வண்டியில் கூட வருவதாகச் சொன்னாள்.

தலைமை மெக்கானிக் ஐம்பது வயதைத் தாண்டியவர். ஸ்டீயரிங்கைத் தொடுமுன் கையைத் துணியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். புறவழிச் சாலையில் ஐம்பதைத் தொட்டதும் சத்தம் வந்தது. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். மறுபடி அவள் முகம்.

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அவள் அறையின் கண்ணாடிக்கு அப்பால் தினம் இரண்டு பேராவது அப்படிப் பார்ப்பார்கள். ஒலி கேட்காதபோது, பொத்தானை அழுத்தும் அவள் தோள் அசைகிறதா என்று பார்த்துக் கையைத் தூக்குகிறவர்கள். அதற்காகவே அவள் தோளை அசைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

அடுத்து அவள் செய்ததைப் பற்றிப் பிறகு அவளுக்கே கூச்சமாக இருந்தது. சத்தம் உச்சத்தில் இருந்தபோது முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டாள். அவர் பாட்டுக்கு ஓட்டினார். சிக்னலுக்கு முன்னால் வேகம் முப்பதுக்கு இறங்கி, கார் சுத்தமாக அமைதியானது. அப்போது தலையை லேசாகச் சாய்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"இதுவாம்மா? இது டயர் சத்தம். எல்லா வண்டிக்கும் உள்ளதுதான்," என்றார் அவர்.

அவளுக்குப் புதிர் விடுபட்டது. விடுபட்ட அந்த ஒரு நொடி, வெட்கமில்லாத சந்தோஷம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே பயம் வந்தது. மேலாளரிடம் ஒரு வார்த்தை போதும்: உங்கள் ஆளுக்குக் காது கேட்கவில்லை. இன்றைக்கே கையெழுத்து கிடைத்துவிடும். அப்புறம் இவர் எங்கே போவார்? தெரிந்துகொள்ள வேண்டும் என்று துடித்தது தான்தானே, இப்போது தெரிந்ததை எங்கே வைப்பது என்று யோசித்தாள்.

சர்வீஸ் சென்டருக்கு முன்னால் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். தன் வேலை என்னவென்றும், மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் இருப்பதாகவும் சொன்னாள். இரும்பு அடிக்கும் இடத்தில், கம்ப்ரெஸருக்குப் பக்கத்தில் காலம் கழித்தவர்களுக்கு முதலில் போவது கீச்சென்ற ஒலிகள்தான் என்றும், பேச்சு கேட்பதால் அவர்களுக்கே தெரியவராது என்றும், யாரிடமோ எதையோ விளக்குவது போலச் சொன்னாள். பிறகு, "நான் உங்கள சோதிச்சுட்டேன், அண்ணே. கேக்காம செஞ்சுட்டேன். தப்புதான்," என்றாள்.

அவர் ஸ்டீயரிங்கைத் துணியால் ஒரு முறை துடைத்தார்.

"டிவிய ஊருக்கே வைக்கிறேன்னு வீட்டுக்காரி தினம் சண்ட போடுறா," என்றார். "அவளுக்குத்தான் காது கூர்மைன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், அரைகுறையாக. பிறகு காரை நேரே உள்ளே ஓட்டிப்போய் லிஃப்டில் ஏற்றினார். கார் ஆள் உயரத்துக்கு எழும்பியது. முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றுமில்லை. மறுபக்கம் போனார். சுழற்றினார். மூடிய கண் திறந்தது.

"கைய வையுங்கம்மா."

அவள் வைத்தாள். சுருள் கம்பிக்குள் பொடி மணலை அரைப்பது போல ஒரு நறநறப்பு விரல் வழியாக ஏறி வந்தது. நாலாயிரமும் இல்லை, எந்த எண்ணும் இல்லை. பதினோரு வருடம் கேட்பதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவள், இப்படி ஒரு வாசல் இருப்பதை நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் சக்கரத்தை நிறுத்தினால் நின்றது, சுழற்றினால் வந்தது. இன்னொரு தரம் சுற்றச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தரம்.

"பேரிங் போச்சு," என்றார். "மொதல் தடவையே கைய வச்சிருக்கணும். சத்தம்னு எழுதியிருந்துச்சா, சத்தத்தையே தேடிட்டேன்."

மேலாளர் கார்டை வாங்கிப் படித்துவிட்டு, இரண்டு தடவை கேட்காத சத்தம் இன்றைக்கு எப்படிக் கேட்டது என்று விசாரித்தார். அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். அது அவள் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது.

"இன்னைக்கும் கேக்கல, சார்," என்றார் மெக்கானிக். "கையில தெரிஞ்சுது. எழுதியிருக்கேன்."

மேலாளர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாரண்டி முத்திரையை எடுத்துக் குத்தினார்.

வியாழக்கிழமை மாலை கார் தயாரானது. சாவியைக் கொடுத்தபின்னும் மெக்கானிக் நகரவில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவள் ரேடியோவை அணைத்தாள். ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபது. வெறும் ரோடு. அந்த முனகல் இல்லாத இடத்தில் என்னவோ குறைவது போலக்கூட இருந்தது.

திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். கண்ணாடியை இறக்கினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கேள்வியாகவே கேட்டார்.

"போச்சாம்மா?"

"போச்சு, அண்ணே."

அவர் தலையாட்டினார். துணியில் கையைத் துடைத்தபடி, அந்த ரெண்டாவது மாடி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்தார்.