பொத்தானைத் தட்டினால் கடிதம்

அமெரிக்காவில் நாலு வருஷம் படித்துவிட்டு வருகிற பிள்ளை என்ன கொண்டு வருவான்? சென்ட் பாட்டில், சாக்லேட், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர். எங்கள் முதலாளி நல்லசிவத்தின் மகன் ஜவஹர் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தான். 1979 ஆவணியில் அது உஸ்மான் ரோடு ஜவுளிக்கடையின் மாடியில், என் டைப்ரைட்டருக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தது.

பார்க்க ஒன்றுமில்லை. ஒரு சின்ன டிவி, ஒரு கீபோர்டு, பாட்டு கேட்கிற டேப் ரிக்கார்டர், ஒரு பிரிண்டர். நம் ஊர் கரண்ட் அதற்கு ஒத்துக்கொள்ளாதாம். ரிச்சி தெருவில் போய் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்தான். கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிஷம் கிறீச்சென்று அலறிவிட்டுத்தான் வேர்ட் பிராசசர் என்கிற அந்த மகாராஜா எழுந்தருளுவார். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து அலற வேண்டும். இத்தனை அமர்க்களத்துக்கும் பிறகு அடிப்பதெல்லாம் கேபிடல் லெட்டர். படித்தால் யாரோ தெருவில் நின்று கத்துவதுபோல இருக்கும். தமிழ் சுத்தமாக வராது. ஆனால் எங்கள் கடைக் கடிதங்கள் எப்போதும் ஆங்கிலத்தில்தான் போகும், முதலாளிக்கு அதில் ஒரு கௌரவம்.

நான் அங்கே பதினாலு வருஷமாக டைப்பிஸ்ட். "மாமி, இது மட்டும் ரெடியாயிட்டா உங்களுக்குக் கஷ்டமே இல்ல," என்றான் ஜவஹர். அதற்கு என்ன அர்த்தம் என்பதை முதலாளி மறுநாளே விளக்கினார்.

"தீபாவளி வரைக்கும் இருங்க பங்கஜம். பொறவு மெஷின் பாத்துக்கிடும்."

என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் சம்பளத்தில்தான் மயிலாப்பூரில் உலை கொதித்தது. அதைவிட வயிற்றெரிச்சல், என் வேலையை மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவளும் நானே. நம் கடைக்குத் தகுந்தபடி அதை மாற்றி அமைக்கிறானாம். நோட்டும் பென்சிலுமாக என் பக்கத்தில் உட்கார்ந்து குடைந்து எடுத்தான். மார்ஜின் எவ்வளவு, தேதி எந்தப் பக்கம், தாளின் உச்சியில் என்ன? பிள்ளையார் சுழி என்றேன். அதற்கு மெஷினில் எழுத்து கிடையாதே என்று இரண்டு நாள் தலையைச் சொறிந்துவிட்டு, நட்சத்திரக் குறிகளைக் கோத்து ஒன்றை உண்டாக்கினான். உட்கார்ந்த வாத்து மாதிரி இருந்தது. முதலாளி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆரம்ப வரி, 'முருகன் அருளால் இங்கே அனைவரும் நலம்.' முடிவு வரி, 'தங்களிடமிருந்து இதுபோன்ற நற்செய்திகளை மேலும் எதிர்பார்க்கிறோம்.' ஆர்டர் கடிதத்துக்கு அது பொருத்தம்தான். எல்லாவற்றையும் ஒரே பொத்தானுக்குள் அடைத்தான். பொத்தானைத் தட்டினால் மேலும் கீழும் தானாக அச்சாகிவிடும். நடுவில் விஷயத்தை மட்டும் அடித்தால் போதும்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்? துக்கக் கடிதத்துக்குச் சுழி போடக் கூடாது, நலம் எழுதக் கூடாது என்பதுகூடவா படித்த பிள்ளைக்குத் தெரியாது.

தெரியவில்லை. புரட்டாசி கடைசியில் சங்கரன்கோவிலிலிருந்து தந்தி வந்தது. எங்களுக்குச் சேலை நெய்து அனுப்புகிற அய்யாதுரையின் ஒரே மகன் பஸ் விபத்தில் போய்விட்டான். முதலாளி கோயம்புத்தூர் போயிருந்தார். ஜவஹர் மெஷினில் உட்கார்ந்து நாலு வரி அடித்தான். பாவம், நல்ல வரிகள்தான். பழக்கதோஷத்தில் பொத்தானையும் தட்டினான்.

"மாமி, ஒருவாட்டி பாத்துருங்க," என்று நீட்டினான்.

பார்த்தேன். உச்சியில் வாத்து. அனைவரும் நலம். செத்த பிள்ளைக்காக நாலு வரி. அதற்குக் கீழே, இதுபோன்ற நற்செய்திகளை மேலும் எதிர்பார்க்கிறோம். இரண்டு மாதமாக என் வயிற்றில் அடித்த மெஷின் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறது, போடட்டுமே என்று இருந்தது.

"சரியாத்தான் இருக்கு," என்றேன். நானே மடித்து உறையிலிட்டு ஒட்டினேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் அய்யாதுரை நேரில் வந்தார். முதலாளி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"உங்க கடுதாசிய எல்லாம் எம்மவன்தான் வாசிச்சுச் சொல்லுவான். இத பள்ளிக்கூடத்து வாத்தியார்ட்ட குடுத்தேன். துட்டி கேக்க வந்தவங்க நடுவுல அவரு தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தாரு. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திட்டாரு. நான்தான் சொல்லும், சொல்லும்னேன்." "எனக்கு இருந்தது ஒத்தப் பிள்ளை மொதலாளி. இன்னும் என்ன சேதி எதிர்பாக்கிய?"

முதலாளி எழுந்துவிட்டார். "யாரு இத அனுப்புனது? அனுப்புததுக்கு முன்னால யாரும் பாக்கலையா?"

ஜவஹர் என்னைப் பார்த்தான். பதினாலு வருஷம் கடிதம் அடித்தவள் அந்தத் தாளைப் பார்த்துச் சரி என்று சொன்னது எதற்காக என்று அவனுக்கு விளங்கிவிட்டது. அது அவன் முகத்திலேயே தெரிந்தது. வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"யார்ட்டயும் காட்டலப்பா," என்றான். "நானே அடிச்சு நானே அனுப்பிட்டேன்." அய்யாதுரையின் காலில் விழுந்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே மெஷினைத் தூக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. எனக்கு வேலை தங்கியது. சாயங்காலம் ஜவஹர் ஒயர்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளும் பேனாவுமாக என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"துக்கக் கடுதாசிய எப்படி ஆரம்பிக்கணும் மாமி? நீங்க சொல்லுங்க. நானே கையால எழுதி அவருக்குப் போடுறேன்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முதல் வரியைச் சொல்லத் தொடங்கினேன். பாதி வரியில் நிறுத்திவிட்டேன். அவன் பேனாவைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தான்.